சாம்பல் நிறக் காரில் ஒரு சாதாரணமனிதன்

சர்வேயர் எதையும் முதல் தடவை கேட்கும்போது நம்பமாட்டார். இரண்டாம் தடவையும் அச்சுப் பிசகாமல் அதையே சொன்னால் சுத்தமாக நம்பமாட்டார். அவர் நிலம் அளக்கும் சர்வேயர் அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட கார்களைச் சுற்றிவந்து பார்த்து, அடி சொல்கிறபடிதான் பட்டதா, இல்லை வேறு கதை இருக்கிறதா என்று எழுதிக் கொடுக்கிறவர். ஒர்க்‌ஷாப்புகளில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவர் தலையைக் கண்டதும் டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, தான் எதுவும் செய்யவில்லை என்பதுபோல நிற்பார். உண்மையிலேயே எதுவும் செய்திருக்கமாட்டார். அந்த நிற்பில்தான் சர்வேயருக்குச் சந்தேகம் தட்டும்.

மரம் குறுக்கே வந்துவிட்டது என்று சொல்லும் ஆட்களை அவருக்குப் பிடிக்கும். அவர்களுடைய பொய் வெள்ளந்தியானது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அவர் நிம்மதியைக் கெடுப்பவை சுத்தமான கேஸ்கள். சொன்ன இடத்தில் சொன்ன அளவுக்கு நசுங்கல், பார்த்ததாகச் சொல்ல ஒரு பக்கத்து வீட்டுக்காரர், அப்போதே எடுத்த போட்டோ. "இவ்வளவு பொருத்தமா உலகத்துல எதுவும் நடக்காது" என்பார். அப்படி ஒரு கேஸை வாரக்கணக்கில் துருவி, கடைசியில் எல்லாமே நிஜம் என்று தெரிந்தபோது, அந்த ஆளிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "அடுத்த தடவை கொஞ்சம் குழப்பமா சொல்லுங்க சார்" என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

வீட்டிலும் இதே உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் கிடையாது. மனைவி தலைவலி என்றால், "எந்தப் பக்கம்? போன தடவை இடது பக்கம்னு சொன்னே" என்பார். அந்த அம்மாளும் நாளடைவில் பக்கம் சொல்லாமல் வலிக்கப் பழகிக்கொண்டாள்.

இப்படிப்பட்ட வீட்டில் மகள் ஒருநாள் வந்து, ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அங்கே லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டபோது, கதவை நெம்பித் திறந்து அவளை வெளியே இழுத்தவன் லிஃப்ட் கம்பெனி மெக்கானிக். அதிலிருந்து பழக்கம்.

"லிஃப்ட் ஏன் நின்னுச்சு?" என்றார் சர்வேயர்.

"கரண்ட் போயிடுச்சுப்பா."

"ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் இருக்குமே."

"அப்பா!"

"சரிபண்ணத் தெரிஞ்சவனுக்கு நிறுத்தவும் தெரியும். நான் அவ்வளவுதான் சொல்றேன்."

"என்னைப் பார்க்கிறதுக்காக ஒரு ஆஸ்பத்திரியையே நிறுத்துவாரா?"

"நிறுத்தினவனை விசாரிச்சாத்தானே தெரியும்."

மனைவி இடையில் புகுந்து, "நீங்க என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப எங்கப்பா இவ்வளவு கேட்டிருந்தா வாசலோட போயிருப்பீங்க" என்றாள். சர்வேயர் அதற்கும் தயாராக இருந்தார். "அவர் கேட்காதது எனக்கு அப்பவே சந்தேகமாத்தான் இருந்துச்சு."

மகள் அழவில்லை, கத்தவில்லை. அப்பாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க சரின்னு சொல்லாம நான் பண்ணிக்கமாட்டேன்ப்பா. காத்திருக்கேன். ஆனா வேண்டாம்னு சொல்றதா இருந்தா ஒரு காரணம் சொல்லணும். நிஜமான காரணம். மனசுக்குத் தோணுதுன்னு சொன்னா ஏத்துக்கமாட்டேன்."

சர்வேயருக்கு இது நியாயமாகப் பட்டது. காரணம் இல்லாமல் அவர் இதுவரை எந்த க்ளெய்மையும் தள்ளியதில்லை. காரணம் கிடைக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமும் இல்லை. அவருக்குச் சந்தேகம் இல்லாத ஒரே விஷயம் அதுதான்.

மெக்கானிக் வீட்டுக்கு வந்தான். துவைத்து மடித்த சட்டை, வெட்டிய நகம், கேட்டதற்கு மட்டும் பதில். எந்த ஊரில் படித்தான், எங்கே வேலை பார்த்தான் என்பதைச் சர்வேயர் முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் கேட்டுப் பார்த்தார். ஒரு வருஷம்கூட இடிக்கவில்லை. சுத்தமான கேஸ்.

"வீட்ல யாரெல்லாம்?"

"அம்மா மட்டும்தான் அங்கிள். வேலைக்குப் போயிட்டிருந்தாங்க. முழங்கால் ஆபரேஷனுக்கப்புறம் வீட்லதான்."

என்ன வேலை என்று சர்வேயர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. அவர் கவனமெல்லாம் அடுத்த கேள்வியில் இருந்தது. "கார் ஓட்டுவீங்களா?"

ஒரு மனிதனின் யோக்கியதை ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வெளியே வந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம்.

"சொந்தக் கார் இல்ல அங்கிள். கேம்லதான் ஓட்டுறது" என்று மெக்கானிக் முதல் முறையாகச் சிரித்தான். "ரேஸ் கேம். ஆனா ரேஸ் மட்டும் இல்ல. பெரிய ஊரு மாதிரி இருக்கும், எங்க வேணா சுத்தலாம்."

மாடி அறையில் இருக்கும் மனைவியின் தம்பி, செல்போன் ரிப்பேர்க்காரன், அதுவரை ஜன்னலோரம் சும்மா இருந்தவன், சட்டென்று நிமிர்ந்தான். "அட, நானும் அதான் ஆடுறேன். உங்க பேர் என்ன அதுல?"

மெக்கானிக்கின் காது சிவந்தது. "நாலாவதுமாடி."

மகள் தரையைப் பார்த்தாள். சர்வேயர் பெயரை மனதில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் மாலை ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மாடி ஏறினார். "மச்சான், எனக்கு ஒரு கார் வேணும். அதுக்குள்ள."

மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தான். "எதுக்கு அத்தான்?"

"பொழுதுபோக்கு."

முப்பது வருஷத்தில் அத்தானுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று இருந்ததாக மச்சானுக்கு நினைவில்லை. ஆனாலும் கேட்டால் தன்னைப் பற்றி எதிர்க்கேள்வி வரும் என்பதால் கேட்கவில்லை. டிவியில் கார் பட்டியல் விரிந்தது. நெருப்புப் படம் போட்டது, தங்க நிறம், கதவு மேலே திறப்பது. சர்வேயர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, யார் கண்ணிலும் படக்கூடாது என்று மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு நாலு கதவுக் காரைத் தேர்ந்தெடுத்தார். பெயர் கேட்டபோது "சாதாரணமனிதன்" என்று போடச் சொன்னார். எல்லாரும் மயில்மாதிரி திரியும் ஓர் உலகத்தில் இதைவிடப் பளிச்சென்று தெரியக்கூடிய வேஷம் வேறு இல்லை என்று மச்சானுக்குத் தோன்றியது.

"சீட் பெல்ட் எந்தப் பட்டன்?"

"அது தானா போட்டிருக்கும் அத்தான்."

"யாரு போட்டது?"

விளையாட்டுக்குள் ஒரு நாடே விரிந்து கிடந்தது. கடலோரமாக ஒரு நெடுஞ்சாலை, வளைந்து ஏறும் மலைப்பாதை, மஞ்சள் பூத்த வயல்கள், நடுநடுவே ஓட்டு வீடுகள் கொண்ட சின்ன ஊர்கள். மழை பிடித்தால் கண்ணாடியில் துளி ஓடியது. ரோட்டில் எதிர்க் காரின் விளக்கு கலங்கித் தெரிந்தது. சர்வேயர் தன்னை அறியாமல் வைப்பரைத் தேடினார். கட்டைவிரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதல் நாள் மூன்று வேலிகளையும் ஒரு பெட்ரோல் பங்க்கையும் உடைத்து, நேரே கடலுக்குள் இறங்கினார். மச்சான் எட்டி ஒரு பட்டனை அமுக்கினான். காட்சி பின்னோக்கி ஓடி, கார் கடலிலிருந்து எழுந்து, சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் ரோட்டில் நின்றது.

"நடந்தது நடக்கலேன்னு ஆக்கிடலாமா?"

"ஆக்கிடலாம் அத்தான்."

"அப்ப இந்த ஊர்ல சர்வேயரே கிடையாதா?"

"எதுக்கு?"

அந்த "எதுக்கு" அவரை லேசாகக் குத்தியது. ஆனால் அந்த உலகத்தில் அவருக்கு ஏற்ற ஒரு வசதியும் இருந்தது. ஒரு பட்டனை அமுக்கினால், காரைவிட்டு இறங்கிச் சுற்றி நடப்பதுபோல காமிராவை நகர்த்திப் படம் எடுக்கலாம். மற்றவர்கள் தங்கள் காரைச் சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் நிறுத்தி அழகாக எடுத்தார்கள். சர்வேயர் அடுத்தவன் பம்பரை எடுத்தார். பின்பக்கம், இடது கதவு, சக்கர வளைவு, கடைசியாக நம்பர் பிளேட்டும் வண்டியும் சேர்ந்து தெரிகிறமாதிரி ஒன்று. ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அவர் அங்கே சர்வே செய்யக் கற்றுக்கொண்டார்.

பெயரைத் தேடினால் ஆள் இருக்கும் இடம் தெரியும் என்று மச்சான் காட்டிக்கொடுத்தான். நாலாவதுமாடி ஒரு வெள்ளைக் கார். தினமும் ஆறு மணி வாக்கில் வந்தது. சாம்பல் நிறக் கார் நாலு வண்டி இடைவெளி விட்டுப் பின்னால் போனது. அந்த ரோட்டில் வேறு வண்டி இல்லாதபோதும் நாலு வண்டி இடைவெளி விட்டுத்தான் போனது.

பார்த்தது அவரைக் கலக்கியது. வெள்ளைக் கார் பந்தயம் எதிலும் சேரவில்லை. சிவப்பு விளக்கில் நின்றது. அந்த நாட்டில் சிவப்பு விளக்குக்கு யாருமே நிற்பதில்லை. விளக்குக் கம்பத்தையே பெயர்த்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். வெள்ளைக் கார் கோட்டுக்குப் பின்னால் நின்று, பச்சை விழுந்து, இரண்டு பக்கமும் பார்ப்பதுபோல ஒரு கணம் தாமதித்துப் புறப்பட்டது. பள்ளிக்கூடம் மாதிரி ஒரு கட்டடத்தின் முன்னால் வேகத்தைக் குறைத்தது. காரில் ஒரு கீறல் இல்லை.

"மச்சான், ஒரு வாலிபப் பையன் ரேஸ் கேம் வாங்கி ரேஸே ஓட்டமாட்டேங்கிறான். ஏன்?"

"நல்ல பையனா இருப்பான் அத்தான்."

"யாரும் பார்க்காதப்ப எவனும் நல்ல பையனா இருக்கமாட்டான். இவனுக்கு நான் பார்க்கிறது தெரிஞ்சிருக்கு." அவர் மெல்லத் திரும்பினார். "யார் சொன்னது?"

"என்னை ஏன் பார்க்கிறீங்க?"

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று அகப்பட்டது. மகளிடம் பேச்சுவாக்கில், "உன் லிஃப்ட்காரர் சாயங்காலம் என்ன பண்ணுவார்?" என்று விசாரித்தார். "எட்டு மணி வரைக்கும் டூட்டிப்பா." ஆறு மணிக்கு வெள்ளைக் கார் ஓடுகிறது. ஆக, வேலை நேரத்தில் விளையாட்டு. லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டு, லிஃப்ட் நின்றுவிட்டதாகச் சொல்லி அந்த மெக்கானிக்கையே கேட்டார். அவர் வேறொரு கட்டடத்தில் வேலையில் இருக்கிறார் என்றார்கள். சர்வேயர் போனை வைத்துவிட்டு நீண்ட மூச்சு விட்டார். கம்பெனியும் கூட்டுச் சேர்ந்திருக்கிறது.

இதற்கிடையில் மகள் தினமும் சாப்பாட்டு மேஜையில் அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்காமல் உப்பை நகர்த்தி வைத்தாள், தண்ணீர் ஊற்றினாள். அவள் எடை குறைந்துவருகிறாள் என்று மனைவி சொன்னபோது அவர், "எதை வெச்சு சொல்றே?" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருக்கே தெரிந்தது. இனியும் இழுக்கமுடியாது. கீறல் தானாக வராவிட்டால் வரவழைக்கவேண்டும்.

அன்று வெள்ளைக் கார் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தது. அந்தி வெயில். சாம்பல் நிறக் கார் தூரத்திலிருந்து வேகம் பிடித்து வந்து, பின்னால் ஓங்கி ஒன்று வைத்தது.

சர்வேயர் வழக்கம்போல இடித்த இடத்தை ஒரு படம் எடுத்தார். பிறகு வெள்ளைக் கார் நிதானமாகத் திரும்பியது. சர்வேயர் முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டது. ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டே பாய்ந்து வந்து மோதியது. பின்னுக்குப் போய் மறுபடி மோதியது. சர்வேயர் தப்பித்து மஞ்சள் வயலுக்குள் புகுந்தார். அது பூக்களை இரண்டாகப் பிளந்துகொண்டு துரத்தியது. பாலத்தில் மடக்கி, விலாவில் இடித்துத் தள்ளி, அவரைக் கடலுக்குள் இறக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது. மூழ்கிக்கொண்டே சர்வேயர் நாலு படம் எடுத்தார். மச்சானுக்குப் புரியாதது ஒன்றுதான்: அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மேஜையைச் சுற்றி எல்லாரும் இருந்தபோது, அந்தப் படங்களை ஏற்றிய போனை நடுவில் வைத்தார். "காரணம் கேட்டியே. இதோ. ஆளுக்கு வெறி இருக்கு. வெளியில பசு, உள்ளுக்குள்ள புலி. வேலை நேரத்துல விளையாட்டு வேற."

மகள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மங்கிய கார், வெள்ளைக் கார், கடல். "இது எப்ப எடுத்தது?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து சாயங்காலம் எங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்ல கயிறு மாத்திட்டிருந்தார். நான் டீ வாங்கிக் குடுத்தேன்."

"அப்ப இது?"

மனைவி பாத்திரத்தை வைத்துவிட்டு, முப்பது வருஷம் காத்திருந்தவள்போலக் கேட்டாள். "யார் வந்தாலும் நீங்க கேட்கிற முதல் கேள்வியே, சம்பவத்தப்ப வண்டிய ஓட்டினது யாருன்னுதானே? இதுல மட்டும் ஏன் கேட்கல?"

மகள் ஏற்கனவே போன் போட்டிருந்தாள். மெக்கானிக்கின் குரல் எல்லாருக்கும் கேட்டது. "நான் எங்கங்க இப்ப ஆடுறேன்? பேர்தான் என்னுது. ஸ்டியரிங்க அம்மா எனக்குத் தர்றதே இல்ல. அவங்க ஸ்கூல் பஸ் ஓட்டினவங்க. இப்ப கால் மடங்காததால அதுலதான் ஓட்டிக்கிறாங்க. ஐயோ, அவங்களே பயங்கரக் கோவத்துல இருக்காங்க. எவனோ ஒரு சாதாரணமனிதனாம். வாரக்கணக்கா பின்னாலயே வர்றானாம், போட்டோ எடுக்கிறானாம், நேத்து வந்து இடிச்சிட்டானாம். கம்ப்ளெய்ன்ட் பண்ணுன்னு என்னைப் பிடுங்குறாங்க."

மச்சான் இருமல் வந்ததுபோல எழுந்து மாடிக்குப் போனான்.

மறைத்திருக்கலாம். ஆனால் மகள் மறைக்கச் சம்மதிக்கவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேருமாக மெக்கானிக் வீட்டுக்குப் போனார்கள். சின்ன ஹால். சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் ஸ்டியரிங் இறுக்கிப் பிணைக்கப்பட்டிருந்தது. எதிரே முதுகுக்குத் தலையணை வைத்த நாற்காலி. அதில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாள், மகன் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு சர்வேயரைப் பார்த்தாள்.

"நீங்கதானா அந்தப் பொறுக்கி?"

மெக்கானிக், "அம்மா!" என்றான்.

"நீ சும்மாரு. போட்டோ எடுக்கிறவன் பேர் பக்கத்துல காமிரா படம் எல்லாருக்கும் தெரியும் சார். தெருவுல எவனாவது இப்படிப் பின்னால வந்தா என்ன பண்ணுவாங்க? பஸ்ல பிள்ளைங்க இருக்கிறப்ப உரசினவனையே நான் விட்டதில்ல. ஆபீசரா இருக்கீங்க. சிக்னல்ல நின்ன வண்டிய எதுக்கு இடிச்சீங்க?"

சர்வேயர் வாழ்க்கையில் எல்லா மேஜைகளிலும் கேள்வி கேட்கும் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார். எதிர்ப் பக்கம் இவ்வளவு சூடாக இருக்கும் என்று தெரியாது. "பிரேக் பிடிக்கலீங்க" என்று வாய் தானாகச் சொன்னது. "பட்டன் புதுசு. அதோட வெயில் நேரா கண்ணுல அடிச்சுது…"

ஆதாரத்துக்குப் போனை எடுத்து நீட்டப் போனவர், வழக்கம்போல முதலில் தானே பார்த்துக்கொண்டார். இடித்ததும் எடுத்த படத்தில் வெள்ளைக் காரின் நிழல் அதற்கு முன்னால் நீண்டு விழுந்திருந்தது. வெயில் முதுகுப் பக்கம். பிரேக் பிடித்த தடமும் ரோட்டில் இல்லை. எத்தனையோ பேர் இதே வாக்கியத்தை இதே குரலில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரையும் அவர் விட்டதில்லை.

"இல்ல" என்றார். "இது பொய். வெயில் பின்னாடி. பிரேக்க நான் தொடவே இல்ல. வேணும்னுதான் இடிச்சேன்."

"எதுக்கு?"

"உங்க பையனுக்குக் கோவம் வருமான்னு பார்க்க."

அம்மாள் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தாள். "இவன் அப்பா இப்ப இருந்திருந்தா, இவனுக்குக் கோவமே வராதுன்னு அவரே சொல்லியிருப்பார். கோவமெல்லாம் என்கிட்டதான். சரி, இப்ப நான் யோசிக்கணும் சார். உங்க பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா இப்படி ஒரு அப்பாகிட்ட வளர்ந்திருக்கு. நாளைக்கு இவன் அரைமணி லேட்டா வந்தா கம்பெனிக்குப் போன் போடாதுன்னு என்ன நிச்சயம்?"

மகளின் முகம் வெளுத்தது. அவள் காத்திருந்த சம்மதம் இப்போது இரண்டாகி, இரண்டும் அந்த ஒரு மனிதரின் கையில் மாட்டிக்கொண்டிருந்தது.

"அவ என்னை மாதிரி இல்லீங்க" என்றார் சர்வேயர்.

"அத எப்படி நம்புறது?"

அவர் சட்டைப்பையைத் தொட்டார். பம்பர் படங்கள்தான் இருந்தன. மகள் இத்தனை நாள் ஒரு கேள்வியும் கேட்காமல் உப்பை நகர்த்தி வைத்ததை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. "நம்புங்க" என்றார். அந்தச் சொல் வாயில் புதுச் செருப்புமாதிரி கடித்தது. "அவ வாரக்கணக்கா என்னைப் பொறுத்துக்கிட்டிருக்கா. உங்க பையன் லேட்டா வர்றதெல்லாம் அவளுக்கு ஒரு விஷயமே இல்ல."

முதலில் சிரித்தது சர்வேயரின் மனைவி. அது அந்த அம்மாளுக்கும் தொற்றியது. "அதுவும் சரிதான்" என்றாள் அவள். "என்னையும் பொறுக்கவேண்டியிருக்கும், பழகினது நல்லதுதான். எனக்குச் சம்மதம். நீங்க என்ன சொல்றீங்க? எம்பையன்கிட்ட என்ன கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. அவரை நான் பார்க்கவே இல்ல." சர்வேயர் மெக்கானிக்கை ஒருதரம் நன்றாகப் பார்த்தார். காது இன்னும் சிவந்துதான் இருந்தது. "சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். பண்ணி வைப்போம்."

திரும்பி வரும்போது சர்வேயர்தான் கார் ஓட்டினார். பின் இருக்கையில் மகள் சந்தோஷமாக இருப்பாள் என்று எதிர்பார்த்தார். கண்ணாடியில் பார்த்தால், அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஏன்ப்பா இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டீங்க?"

"பிடிச்சிருந்தது, ஒத்துக்கிட்டேன்."

"ஒரு கேள்விகூடக் கேட்காமலா?"

"அதான் எனக்கும் உதைக்குது" என்றாள் மனைவி. "எதையோ மனசுல வெச்சிருக்கார்."

"அத்தான் முகமே சரியில்ல" என்று மச்சானும் சேர்ந்துகொண்டான்.

சர்வேயர் மனதில் எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. பின்னால் மூன்று ஜோடிக் கண்கள் விடாமல் வந்துகொண்டிருக்க, அவர் வீடுவரைக்கும் மிகுந்த நிதானமாக ஓட்டினார். அதுவும் அவர்களுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.